மேட்டில் குடியிருப்போர்: அகந்தையும் தெளிதலும் குறித்த விவிலியப் பாடங்கள், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டப் பின்னணியில் ஒரு வாசிப்பு

முன்னுரை

விவிலியத்தையும் திருக்குறளையும் ஒப்பிட்டு எழுதப்பட்ட கட்டுரைகள் தமிழில் குறைவல்ல. அவற்றுள் பெரும்பாலானவை இரு நூல்களிலும் ஒத்துவரும் கருத்துகளை நிரல்பட அடுக்கி, அறம் எங்கும் ஒன்றே என்னும் முடிவில் அமைதி காண்பவை. இம்முறையால் சில நன்மைகள் விளைந்துள்ளன; எனினும் ஒரு குறையும் உண்டு. ஓர் அறவுரை யாரை நோக்கிச் சொல்லப்பட்டது, அதை இன்று யார் கேட்கிறார் என்னும் வினா அக்கட்டுரைகளில் பெரும்பாலும் எழுவதில்லை. அரசனுக்குச் சொன்னதை அடிமைக்குச் சொன்னால் அறவுரையின் பொருள் மாறிவிடும். சொற்கள் மாறாமலிருக்கவே அந்த மாற்றம் நம் கண்ணில் படுவதில்லை.

அகந்தை, யாரை நம்புவது என்னும் தேர்வு ஆகிய இரு பொருள்களையும் ஒருங்கே பேசும் விவிலியப் பகுதிகள் இரண்டினை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ஒன்று ஒபதியா என்னும் சிறு நூல். மற்றொன்று அரசர்களின் முதல் நூல் 12ஆம் அதிகாரத்தில் வரும் ரெகொபெயாம் வரலாறு. திருக்குறளின் 'தெரிந்துதெளிதல்' முதலிய அதிகாரங்கள் இவற்றுக்கு உரைகல்லாக அமைகின்றன. வாசிப்புக்குரிய நிலமாகப் பகாங் மாநிலத்துக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்கள் கொள்ளப்படுகின்றன. மேடு, பள்ளம் என்னும் வேறுபாடு உவமையாக மட்டுமன்றி வாழ்விடமாகவே அமைந்த நிலம் அது. ஒபதியாவின் முதன்மைப் படிமமும் மேட்டில் குடியிருத்தலே. இப்பொருத்தமே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல்.

ஒபதியா: நூலும் சூழலும்

பழைய ஏற்பாட்டு நூல்களுள் மிகச் சிறியது ஒபதியா. ஒரே அதிகாரம், 21 வசனங்கள். எருசலேம் பாபிலோனியரிடம் வீழ்ந்த நிகழ்ச்சி (கி.மு. 587 அல்லது 586) இதன் பின்புலம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இதன் முற்பகுதி எரேமியா 49ஆம் அதிகாரத்தோடு நெருங்கிய ஒப்புமை உடையது.

நூல் ஏதோம் நாட்டைக் கண்டிக்கிறது. ஏதோமியர் ஏசாவின் வழியினர். யூதேயர் யாக்கோபின் வழியினர். ஏசாவும் யாக்கோபும் இரட்டையர். ஆகவே இது அயலாரைப் பழிக்கும் நூலன்று. உடன்பிறந்தானைக் குற்றம் சாட்டும் நூல். ஏதோம் சாக்கடலுக்குத் தெற்கிலும் தென்கிழக்கிலும் பாறைகள் நிறைந்த உயர்நிலம். பாறை வெடிப்புகளில் உயரத்தில் வாழ்வதால் தன்னைக் கீழே இறக்குவார் எவருமில்லை என்று ஏதோமின் உள்ளம் சொல்லிக்கொள்கிறது. அந்த எண்ணமே அதனை ஏமாற்றிவிட்டது என்கிறார் தீர்க்கதரிசி.

அடுத்து வரும் 7ஆம் வசனம் இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. ஏதோமோடு உடன்படிக்கை செய்தவர்களே அதனை எல்லைவரை துரத்துகிறார்கள். அதன் உணவை உண்டவர்களே அதற்குக் கண்ணி வைக்கிறார்கள். ஏதோமுக்கோ அதனை உணரும் அறிவில்லை. அகந்தை முதலில் வருகிறது. அதன் பின் பிறழ்ந்த நம்பிக்கை. அதன் பின் அறிவிழப்பு. இவை தனித்தனிக் குற்றங்களாகக் கூறப்படவில்லை. தன் உயரத்தை நம்பியவன் தன் அருகில் நிற்பவனை ஆராய்வதில்லை என்னும் காரண காரியத் தொடர்பு இங்கே காட்டப்படுகிறது.

10 முதல் 14 வரையுள்ள வசனங்களில் நிலைமை திரும்புகிறது. ஏமாற்றப்பட்ட ஏதோம் ஏமாற்றிய ஏதோமாகக் காட்டப்படுகிறது. உடன்பிறந்தானின் நகரம் சூறையாடப்பட்ட நாளில் அது விலகி நின்று பார்த்தது, மகிழ்ந்தது, கொள்ளையில் பங்குகொண்டது, வழிச்சந்திகளில் நின்று தப்பியோடியவர்களைப் பிடித்துக் கொடுத்தது. நட்பினரால் வஞ்சிக்கப்பட்டவனும் உடன்பிறந்தானை வஞ்சித்தவனும் ஒருவனே. இந்த இரட்டை நிலையை மறந்து வாசித்தால் நூலின் சாரம் நழுவிவிடும்.

அகந்தையும் பெருமையும்: ஒரு சொற்சிக்கல்

1871ஆம் ஆண்டு வெளிவந்த, ஹென்றி பவரின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் ஒன்றிணைந்த தமிழ் மொழிபெயர்ப்பு ஒபதியாவின் இவ்விடத்தில் 'அகந்தை' என்னும் சொல்லை ஆள்கிறது. வேறிடங்களில், குறிப்பாக யாக்கோபின் நிருபத்தில், இறைவன் எதிர்த்து நிற்கும் குணத்தைக் குறிக்கப் 'பெருமை' என்னும் சொல் வருகிறது. தமிழ்க் கிறித்தவர் பேச்சில் 'பெருமை' என்பது பாவத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது.

திருக்குறளைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு இங்கே ஓர் இடர்ப்பாடு எழுகிறது. வள்ளுவர் 98ஆம் அதிகாரத்துக்குப் 'பெருமை' என்றே பெயரிட்டார். அது குற்றமன்று, குணம். அவ்வதிகாரத்தின் கருத்துப்படி, பெருமை எப்போதும் பணிந்து நிற்பது. தன்னைத்தானே வியந்து அணிசெய்துகொள்வது சிறுமை. விவிலியத் தமிழ் 'பெருமை' என்று சுட்டுவதை வள்ளுவர் 'சிறுமை' என்று சுட்டுகிறார். கருத்தில் இருவரும் ஒன்றுபட, சொல்லில் நேர்மாறாக நிற்கின்றனர். வள்ளுவர் கடியும் குணத்துக்கு 44ஆம் அதிகாரத்தில் 'செருக்கு' என்னும் சொல் உண்டு. சைவ சித்தாந்தத்தில் 'ஆணவம்' உயிரைப் பிணித்த மலங்களுள் முதலானது. தமிழில் சொல்வளம் இருந்தும் பொதுவழக்கில் இவை ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

பெருமை அதிகாரத்துக்கு முந்தியது 'மானம்' (அதிகாரம் 97) என்பது இங்கே கருதத்தக்கது. தன் நிலையிலிருந்து தாழாமை என்னும் பண்பை வள்ளுவர் தனியே வகுத்து, அதனையடுத்துப் பெருமையை வைத்தார். செருக்கு வேறு, மானம் வேறு என்னும் தெளிவு இவ்வைப்பு முறையிலேயே உள்ளது. விவிலியப் போதனையைத் தமிழில் சொல்லும்போது இவ்வேறுபாடு காக்கப்படாவிடில், மானமுள்ளவனும் அகந்தையுள்ளவனாகக் கண்டிக்கப்படுவான்.

ஒபதியாவின் எபிரேய மூலத்தில் இவ்விடத்துச் சொல் 'கொதித்தல், பொங்குதல்' என்னும் பொருளுடைய வேரோடு தொடர்புடையது. ஆதியாகமம் 25ஆம் அதிகாரத்தில் யாக்கோபு கூழ் சமைத்ததைக் கூறும் இடத்திலும் அவ்வேர்ச்சொல்லே வருகிறது. பசியோடு வந்த ஏசா அந்தக் கூழுக்காகத் தன் தலைமகன் உரிமையை விற்றான். ஏசாவின் வழியினரது அகந்தையைச் சொல்லும் சொல் அவனுடைய பழைய பசியையும் நினைவூட்டுகிறது. பசித்தவனின் அவசரத்துக்கு விலை வைத்தவன் உடன்பிறந்தான் என்பதையும் இதனோடு சேர்த்தே நினைக்க வேண்டும்.

தெரிந்துதெளிதல்

யாரை நம்புவது என்னும் வினாவுக்கு வள்ளுவர் தந்த சொல் 'தெளிதல்'. கலங்கிய நீர் அடங்கி அடிமண் தங்கியபின் பெறும் நிலையே தெளிவு. இச்சொல்லின்படி நம்பிக்கை ஆராய்ச்சியின் தொடக்கம் அன்று, அதன் முடிவு. ஆராயாமல் தெளிவதும், ஆராய்ந்து தெளிந்தவனிடத்தில் ஐயுறுவதும் ஆகிய இரண்டுமே துன்பம் தரும் என்பது 51ஆம் அதிகாரத்தின் முடிந்த முடிபு. அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கு வகைச் சோதனைகளால் ஒருவனை ஆராய வேண்டும் என்பதைப் பரிமேலழகர் வடநூல் மரபோடு இணைத்து விளக்குவார்.

விவிலியத்தில் 'நம்பிக்கை', 'விசுவாசம்' என்னும் சொற்கள் இறைவனை நோக்கியவை. மனிதரை, அதிலும் அரசரை நம்பாதிருக்கும்படி 146ஆம் சங்கீதமும் எரேமியா 17ஆம் அதிகாரமும் எச்சரிக்கின்றன. இதனால் விவிலியம் மனித நம்பிக்கையையே மறுக்கிறது என்று கொள்ளலாகாது. ஆலோசனைக்காரர் பலராயிருத்தல் நன்று என்னும் கருத்து நீதிமொழிகளில் மீண்டும் மீண்டும் வருகிறது. துன்பக் காலத்தில் நேர்மையற்றவனை நம்புதல் உடைந்த பல்லுக்கும் சுளுக்கிய காலுக்கும் ஒப்பாகும் என்னும் உவமையும் அங்கே உண்டு.

ரெகொபெயாம் வரலாறு இக்கருத்தைக் கதைவடிவில் காட்டுகிறது. சாலொமோன் இறந்தபின் மக்கள் சீகேமில் கூடி, தந்தை சுமத்திய நுகத்தை இலகுவாக்கும்படி புதிய அரசனை வேண்டுகின்றனர். அவன் மூன்று நாள் தவணை கேட்கிறான். மக்களுக்குப் பணிவிடை செய்பவனாக இருந்து நயமாகப் பேசும்படி முதியோர் கூறுகின்றனர். தன்னோடு வளர்ந்த இளைஞரோ நுகத்தை மேலும் கனமாக்கச் சொல்கின்றனர். அவன் இளைஞரை நம்பினான். பத்துக் குலங்கள் பிரிந்துபோயின. 45ஆம் அதிகாரமாகிய 'பெரியாரைத் துணைக்கோடல்', இடித்துரைப்பார் இல்லாத அரசன் பகைவர் இன்றியும் கெடுவான் என்று கூறுவதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று காண்பது அரிது.

இக்கதை அரசியல் அறிவுரையாகவே வாசிக்கப்படுவதுண்டு. ஆனால் மக்கள் கேட்டது வேலைப்பளுவின் குறைப்பு. அவர்களைச் சமாளிக்க ரெகொபெயாம் அனுப்பிய அதோராம் கட்டாய வேலைக்கு மேற்பார்வையாளன். மக்கள் அவனைக் கல்லெறிந்து கொன்றனர். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அவனைப் பகுதிப்பணம் விசாரிப்பவனாகக் காட்டுகிறது. மூலச்சொல்லின் பொருள் கட்டாய உழைப்பு. மொழிபெயர்ப்பில் உழைப்பு வரியாக மாறியதால், இது ஒரு தொழிலாளர் வழக்கு என்பது தமிழ் வாசகருக்குத் தெரியாமற் போயிற்று.

கேமரன் மலை: மேடும் லயமும்

வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் 1885ஆம் ஆண்டு இம்மலைப்பகுதியை ஆராய்ந்தார். 1920களில்தான் அரசு இதனை மலைவாழிடமாக்க முனைந்தது. தாப்பாவிலிருந்து சாலை அமைந்தபின் தேயிலை வளர்ந்தது. ஜே.ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலைத் தோட்டம் தோன்றியது. கொழுந்தெடுத்த கைகளில் மிகுதியானவை தமிழருடையவை.

குடியேற்ற ஆட்சிக் காலத் தோட்டங்களின் அமைப்பு யாவரும் அறிந்தது. துரையின் பங்களா மேட்டில். அதற்குக் கீழே கிராணிமார் வீடுகள். அதற்கும் கீழே லயங்கள். பதவியின் படிநிலை நிலத்தின் படிநிலையாகவே எழுதப்பட்டது. விடியற்காலையில் பிரட்டுக்கு நின்ற தொழிலாளி தலை நிமிர்ந்து பார்த்தால் தெரிந்தது அந்த மேடு.

இத்தொழிலாளரின் முன்னோரை மலாயாவுக்குக் கொணர்ந்த வழிகளுள் முதன்மையானது கங்காணி முறை. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் மலாயாவில் நிறுத்தப்பட்டபின் இதுவே ஓங்கியது. தோட்டத்தில் வேலை செய்த ஒருவர் உரிமம் பெற்றுத் தம் சொந்த ஊருக்கே சென்று, தம் உறவினரையும் ஊராரையும் சேர்த்து வருவார். 1907இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதி பயணச் செலவை ஏற்றதால், சட்டத்தின்படி தொழிலாளி கடனின்றியே கரையிறங்கினார் என்பதையும் குறிப்பிட வேண்டும். இலங்கையில் 1921 வரை நீடித்த துண்டு முறைக்கும் மலாயா நிலைமைக்கும் இதில் வேறுபாடு உண்டு. எனினும் வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குப் பணம் கிடைத்தது. தொழிலாளியின் முதுகு நிமிர்வதைவிட அவர் வேலைக்கு வருவதில்தான் கங்காணியின் ஆதாயம் இருந்தது.

1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார வீழ்ச்சியால் ஆள்சேர்ப்பு நின்றது. பல்லாயிரவர் தாயகத்துக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது. கேமரன் மலைத் தேயிலை கங்காணி முறையின் மாலைப்பொழுதில் முளைத்தது எனலாம்.

கங்காணியும் ஏதோமும்

மேற்கூறிய வரலாற்றை ஒபதியாவோடு வைத்து நோக்கினால் மூன்று செய்திகள் புலப்படும்.

முதலாவது, மேட்டில் குடியிருந்தவர் தொழிலாளியல்லர். தன்னைக் கீழே இறக்குவார் யார் என்னும் எண்ணத்துக்கு இடமளிக்கும் உயரம் லயத்தில் இல்லை. அகந்தை பற்றிய ஒபதியாவின் கண்டனம் முதலில் பங்களாவை நோக்கியது. அதனை லயத்தாருக்குப் பணிவுப் பாடமாகச் சொல்வது நூலைத் தலைகீழாகப் பிடித்து வாசிப்பதாகும்.

இரண்டாவது, கங்காணியின் நிலை ஏதோமின் இரட்டை நிலையே. அவர் அயலார் அல்லர். அண்ணன் முறை, மாமன் முறை கொண்டாடியவர். அவருடைய அதிகாரத்துக்கு அடிப்படையாக இருந்தவை உறவும் சாதியும் ஊர்ப்பற்றும். அந்த உறவே ஆள்சேர்ப்பின் மூலதனமாயிற்று. உடன்பிறந்தானின் துன்ப நாளில், அதாவது பஞ்சத்திலும் கடனிலும், அதனை ஆதாயமாக்கிக்கொண்டவர் என்ற அளவில் அவர் 10ஆம் வசனத்து ஏதோம். பசித்தவனுக்குக் கூழ் விற்ற யாக்கோபும் ஆவார். ஆனால் அவருடைய உயரம் பிறர் தந்த உயரம். தேவை தீர்ந்தபோது தோட்ட முதலாளியம் அவரையும் கைவிட்டது. உடன்படிக்கை செய்தவர்களாலேயே எல்லைவரை துரத்தப்பட்ட 7ஆம் வசனத்து ஏதோமும் அவரே.

மூன்றாவது, தொழிலாளி பிழையாக நம்பினார் என்று குறைகூறுதல் எளிது. வள்ளுவர் 'தெரிந்துதெளிதல்' என்பதை அரசியலில் வைத்தார். ஆராய்வதற்கு ஒற்றரும், ஒப்பிடுவதற்குப் பலரும், காத்திருப்பதற்கு நாளும் உள்ளவன் அரசன். ரெகொபெயாமுக்கு மூன்று நாள் கிடைத்தது. மழை பொய்த்த சிற்றூரில் பசியோடிருந்தவருக்கு அந்த மூன்று நாளும் இல்லை. கேட்டறிய வேறு ஆளும் இல்லை. தெளிதல் என்பது அறிவின் செயல் மட்டுமன்று. அதற்கு வாய்ப்பும் வேண்டும். வாய்ப்பு மறுக்கப்பட்டவரிடம் ஆராயாமையைக் குற்றமாகச் சுமத்துதல் அறமாகாது.

தேயிலைப் புனைவுகளின் சான்று

மலேசியத் தமிழ்ப் புனைவு பெரிதும் இரப்பர்த் தோட்டத்தைச் சார்ந்தே வளர்ந்தது. தேயிலைக்காட்டில் நம்பிக்கை விலைபோன கதையை அறியத் தமிழகத்துப் படைப்புகளையே முதலில் நாட வேண்டியுள்ளது. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' 1930களில் வந்தது. திருநெல்வேலிச் சிற்றூர்ப் பெண்ணாகிய மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் சீரழிவதை அது சொல்கிறது. மருத்துவராகத் தேயிலைத் தோட்டங்களில் பணியாற்றிய பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளிவந்த நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என 2007இல் தமிழுக்கு வந்தது. அதன் களம் ஆனைமலை. கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் வாக்கை நம்பி மலையேறுகின்றனர்.

இவ்விரு படைப்புகளும் ஏமாந்தவரை நகையாடவில்லை. டேனியலின் நாவலில் மேஸ்திரியின் ஆசைவார்த்தையைவிடக் கூர்மையாகப் பதிவாவது அவ்வார்த்தைக்குச் செவிகொடுக்கும்படி செய்த வறுமை. அவ்வகையில், விவிலியம் பயின்ற சமூகத்திலிருந்து வந்த அந்த ஆசிரியர், நம்பிக்கை பற்றிய அறவுரையைப் பொருளாதாரச் சூழலிலிருந்து பிரிக்காமல் எழுதினார் என்பது குறிப்பிடத்தக்கது.

ஒரு மறுப்பும் விடையும்

இவ்வாசிப்புக்கு ஒரு மறுப்பு எழலாம். நீதிமொழிகளும் திருக்குறளும் எல்லாருக்கும் உரியவை. ஏழைக்கு அகந்தை வராதா? லயங்களுக்குள்ளேயே சாதியால் உயர்வு தாழ்வு பார்த்ததும், கோயில் திருவிழாவில் முதல் மரியாதைக்குப் போட்டியிட்டதும் உண்மையல்லவா? உண்மையே. சிறு மேடும் மேடுதான். தன்னைவிடத் தாழ்ந்தவன் ஒருவனைக் கற்பித்துக்கொள்ளும் எவரும் ஒபதியாவின் கண்டனத்துக்குத் தப்புவதில்லை. பங்களாவைச் சுட்டிக்காட்டி லயத்து அகந்தையை மறைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று.

ஆனால் எது அகந்தை என்று முடிவுசெய்வது யார் என்னும் வினா மீதமிருக்கிறது. 1941இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்து இரப்பர்த் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். சம்பள உயர்வோடு தொழிலாளர் வைத்த கோரிக்கைகளுள் ஒன்று, துரையையோ கிராணியையோ கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. மேட்டிலிருந்து நோக்கினால், இறங்க மறுத்தவனின் செயல் திமிர். வள்ளுவரின் அதிகார வரிசையிலிருந்து நோக்கினால், அது 97ஆம் அதிகாரம், மானம். அகந்தை பிறரைக் கீழே நிறுத்தக் கேட்கிறது. மானம் தான் கீழே நிற்க மறுக்கிறது. ஒபதியா கண்டித்தது முன்னதை.

அவ்வேலைநிறுத்தம் நம்பிக்கை பற்றியும் ஒன்று கற்பிக்கிறது. கங்காணியின் வாயிலாகவே பேசிப் பழகியவர்கள், தாமே கூடி, ஆர்.எச். நாதன் போன்றோரைத் தம் குரலாக ஏற்றனர். நாதன் கைதுசெய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். போராட்டம் ஒடுக்கப்பட்டது. ஆயினும் யாரை நம்புவது என்பதைத் தொழிலாளரே கூடித் தேர்ந்த அந்நிகழ்வு, தெரிந்துதெளிதல் அரசவையிலிருந்து தோட்டத்துக்கு இறங்கிவந்ததற்கு ஒரு சான்று. தனியொருவருக்கு இல்லாத ஆராயும் வாய்ப்பு, கூட்டத்துக்குக் கிடைத்தது. பல ஆலோசனைக்காரர் வேண்டும் என்னும் நீதிமொழிக் கருத்தையும் இவ்வழியே வாசிக்கலாம்.

வகுப்பறைக்கு வரும் வினா

கேமரன் மலையில் ரிங்லெட், தானா ராத்தா முதலிய இடங்களில் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. தமிழ்ப்பள்ளிப் பாடத்திட்டத்தில் திருக்குறள் இடம்பெறுகிறது. ஞாயிறுதோறும் விவிலியம் கேட்கும் மாணவரும், அதே வகுப்பில் குறள் மனனம் செய்யும் மாணவரும் அருகருகே அமர்ந்திருப்பர். அடக்கம் வேண்டும், ஆராய்ந்து நம்ப வேண்டும் என்று இருவருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்வது எளிது. அது பாதிப் பாடமே.

ஆசிரியர் மூன்று வினாக்களை மாணவர் முன் வைக்கலாம். இவ்வறவுரை யாரிடம் சொல்லப்பட்டது? அவர் எங்கே நின்றுகொண்டிருந்தார்? அதை நான் யாரிடம் சொல்லலாம்? 'பெருமை' என்னும் ஒரே சொல் குறளில் குணமாகவும் விவிலியத் தமிழில் குற்றமாகவும் வருவதை மறைக்காமல் எடுத்துக்காட்டினால், மாணவர் சொல்லாய்வையும் கற்பர். தம் தாத்தா பாட்டியின் வரலாற்றையும் நாணமின்றிப் பேசுவர். ஏமாந்துவந்த கூலிகளின் வழியினர் என்னும் தாழ்வுணர்ச்சிக்குச் 'சூழ்ந்து நின்ற வறுமையில் தம்மவரை நம்பியவர்களின் வழியினர்' என்பதே சரியான மாற்று.

இது பழங்கதையும் அன்று. இன்று அம்மலையின் தேயிலைச் சரிவுகளில் உழைப்போரில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் மிகுதி. மலேசியாவுக்கு வேலைக்கு வரும் அயல்நாட்டார் பலர் தம் ஊரிலேயே முகவர்களிடம் பெருந்தொகை கட்டி, கடனோடு வருகின்றனர் என்பது பலமுறை வெளிப்பட்ட செய்தி. கங்காணியின் இடத்தில் இன்று முகவர் நிற்கிறார். அவர்களை நாம் பார்க்கும் பார்வையில் உடன்பிறந்தானின் துன்ப நாளில் விலகி நின்று பார்த்த ஏதோமின் சாயல் உண்டா என்பதை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். லயத்திலிருந்து ஏறிவந்த நாமும் இப்போது ஒரு மேட்டில் நிற்கிறோம்.

முடிவுரை

ஒபதியாவும் ரெகொபெயாம் வரலாறும் அகந்தையையும் பிறழ்ந்த நம்பிக்கையையும் தனித்தனிக் குற்றங்களாகப் பார்க்கவில்லை. தன் உயரத்தில் மயங்கியவன் ஆராய்வதை நிறுத்துகிறான், ஆராய்வதை நிறுத்தியவன் இனியது கூறுவோரை நம்புகிறான், அதனால் வீழ்கிறான். வள்ளுவர் இதனைத் தெளிதல் என்னும் ஒரு சொல்லில் அடக்கிக் காட்டினார். இரு மரபும் இவ்வெச்சரிக்கையை ஆள்வோருக்கே முதலில் விடுத்தன.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களின் பின்னணியில் வாசிக்கும்போது, இவ்வெச்சரிக்கையின் திசை தெளிவாகிறது. உயரத்தில் இருப்பவருக்கு அது கண்டனம். இடையில் நின்ற கங்காணிக்கு அது கண்டனமும் இரக்கமும். கீழே நின்றவருக்கு அது பணிவுப் பாடமன்று, மேட்டினர் சொல்வதை ஆராயும் உரிமையின் அறிவிப்பு. ஒப்பியல் ஆய்வு கருத்தொற்றுமையோடு நின்றுவிடாமல், அறவுரை சென்றுசேரும் இடத்தையும் ஆராயுமானால், விவிலியத் தமிழும் குறளும் நம் தோட்டப்புற வரலாற்றோடு இன்னும் நெருங்கிப் பேசும்.